பூண்டு மாத்திரை எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு: மருந்துப் பட்டியலில் ஆரம்பித்து 12-ஆவது வாரம் வரை

பூண்டு உடம்புக்கு நல்லது என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் எந்த மாத்திரை, எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். என் வீட்டில் பிரஷர் எல்லைக்கோட்டில் நிற்கும் ஒருவருக்காக இதைத் தேட ஆரம்பித்தேன். ஒரு டப்பாவில் 300 மில்லிகிராம், இன்னொன்றில் 1000, மற்றொன்றில் 5000 என்று போட்டிருந்தது. இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது என்பது புரிவதற்கே பல நாள் பிடித்தது. லேபிள்களை வரி வரியாகப் படித்து, மருந்தாளரிடம் கேட்டு, ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டிய பிறகுதான் ஓர் ஒழுங்கு கிடைத்தது. நீங்கள் அந்த அலைச்சல் இல்லாமல் தொடங்க வேண்டும் என்பதற்காக அதே வரிசையில் எழுதுகிறேன்.

இதை மருந்து என்றே நினைத்துக்கொண்டு படியுங்கள். பிரஷரைக் குறைக்கவும் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தவும் வலு உள்ள ஒரு பொருள், இயற்கையானது என்பதாலேயே எல்லோருக்கும் ஒத்துப்போய்விடாது.

1. எதற்காக என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

"பொதுவா உடம்புக்கு நல்லதாமே" என்று தொடங்கினால் அது வேலை செய்கிறதா இல்லையா என்பது என்றைக்கும் தெரியாது. ஒரு டப்பா தீரும், அடுத்தது வரும், அப்படியே வருஷம் ஓடிவிடும். அதனால் ஒரு காரணத்தை, முடிந்தால் எண்ணால் அளக்கக்கூடிய காரணத்தை, தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பூண்டுக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருப்பது ரத்த அழுத்தத்தில்தான். உயர் ரத்த அழுத்தம் உள்ள 553 பேரிடம் நடந்த 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வெளியான தொகுப்பில், மேல் அளவு சராசரியாக 8.3 புள்ளியும் கீழ் அளவு 5.5 புள்ளியும் குறைந்திருந்தன. ஏற்கெனவே பிரஷர் சரியாக உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட இறக்கம் இருக்காது. ஆய்வுகள் சிறியவை என்பதையும் மறக்க வேண்டாம். இருந்தாலும் முயன்று பார்க்கத் தகுந்த காரணம் இது.

கொலஸ்ட்ராலில் கதை வேறு. 39 ஆய்வுகளைச் சேர்த்த 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று, மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்கு மேல் உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் பூண்டு எடுத்தால் மொத்தத்தில் சுமார் 17, கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லில் சுமார் 9 குறைவதாகச் சொல்கிறது. ஆனால் 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 192 பேரை நான்கு குழுவாகப் பிரித்து, பச்சைப் பூண்டு, பொடி மாத்திரை, முதிரவிட்ட பூண்டுச் சாறு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். எந்தக் குழுவிலும் எல்டிஎல் சொல்லும்படி மாறவில்லை. 2022-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான ரோசுவாஸ்டாடினைத் தினம் ஐந்து மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 28 நாளில் எல்டிஎல் ஏறக்குறைய 38 சதவீதம் இறங்கியது. பூண்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், சற்றே ஏறியிருந்தது. கொலஸ்ட்ராலுக்கு மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால், அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பூண்டைப் பிடித்துக்கொள்வது நல்லதல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் பலர் பூண்டு மாத்திரையைத் தேடுவதே அந்த மாத்திரையிலிருந்து தப்பிக்கத்தான்.

சளிக்கு என்றால், 146 பேரிடம் 12 வாரம் நடந்து 2001-இல் வெளியான ஒரே ஒரு ஆய்வுதான் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படுகிறது. தினமும் பூண்டு எடுத்த குழுவில் மொத்தம் 24 முறை சளி பிடித்தது, எடுக்காத குழுவில் 65 முறை. நல்ல செய்திதான். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, ஒரே ஓர் ஆய்வை வைத்து முடிவுக்கு வர முடியாது என்கிறது. சளி பிடித்தவர்கள் குணமாக எடுத்துக்கொண்ட நாட்களிலும் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு டப்பாவைத் திறப்பதில் பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

எடை குறைப்பு, நச்சு நீக்கம், புற்றுநோய்த் தடுப்பு என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். கிருமித் தொற்றுக்காக என்றால் கட்டாயம் அடித்துவிடுங்கள். ஆய்வகத் தட்டில் பூண்டுச் சாறு கிருமிகளைக் கொல்வது உண்மை. ஆனால் அதைச் செய்யும் அல்லிசின் என்ற பொருள், பூண்டைச் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் அந்த வடிவில் இருப்பதில்லை. நெஞ்சுச் சளிக்கும் காதுத் தொற்றுக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

2. மருந்துப் பட்டியலைத் தயார் செய்து காட்டுங்கள்

காசு கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: தினமும் சாப்பிடும் மருந்துகளின் பெயர், மில்லிகிராம், வேளை; அவ்வப்போது போடும் வலி மாத்திரைகள்; ஏற்கெனவே எடுக்கும் மற்ற சப்ளிமென்ட்டுகள்; ஒவ்வாமைகள்; அடுத்த சில மாதத்தில் திட்டமிட்டிருக்கும் அறுவை சிகிச்சை அல்லது பல் பிடுங்கல். கூடவே கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையையும், வாங்க நினைக்கும் டப்பாவின் பின்பக்க லேபிளின் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கப் படம் போதாது, அதில் விளம்பரம் மட்டும்தான் இருக்கும்.

இதை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். "பூண்டு எடுக்கலாமா" என்று மட்டும் கேட்டால், சமையல் பூண்டை மனதில் வைத்துக்கொண்டு "தாராளமாக" என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. "பூண்டு மாத்திரை, இந்த அளவு, தினமும், மூன்று மாதத்துக்கு" என்று கேளுங்கள். அப்போதுதான் சரியான பதில் வரும்.

பட்டியலில் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடங்கவே கூடாது:

வார்ஃபரின், அபிக்சபான், ரிவராக்சபான், குளோபிடோக்ரல், தினசரி ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மருந்துகள். பூண்டும் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்து ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். வார்ஃபரின் எடுப்பவருக்கு மருத்துவர் சம்மதித்தாலும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை எப்போது மறுபடி எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

எச்ஐவி மருந்துகள். சாக்வினாவிர் என்ற மருந்தோடு பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பூண்டை நிறுத்திப் பத்து நாள் ஆன பிறகும் பழைய அளவு முழுதாகத் திரும்பவில்லை. ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமானவர்கள். சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்கு இப்படி ஆனால் மருந்தே தோற்றுப்போகும்.

உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எடுக்கும் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள். இவற்றின் ரத்த அளவு கொஞ்சம் பிசகினாலும் ஆபத்து.

பிரஷர், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குத் தடை இல்லை. ஆனால் அளவுகள் எதிர்பார்த்ததைவிடக் கீழே போகலாம் என்பதால் கவனம் வேண்டும். மீன் எண்ணெய், ஜின்கோ என்ற மூலிகை, அதிக அளவு வைட்டமின் ஈ எடுப்பவர்களும் சொல்லிவிட வேண்டும், இவையும் ரத்தம் உறைவதைப் பாதிக்கக்கூடியவை. கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் சமையலில் சேரும் அளவோடு நின்றுகொள்வது நல்லது. மாத்திரை அளவு அவர்களுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், பூண்டில் கந்தகம் இருக்கிறதே என்று பயப்படுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு விஷயம். பூண்டு, வெங்காயம் சாப்பிட்டால் தடிப்போ மூச்சுத் திணறலோ வருகிறவர்கள்தான் ஒதுங்கியிருக்க வேண்டும்.

3. தொடங்கும் முன் அளவு எடுத்துவையுங்கள்

பிரஷருக்காக என்றால் ஒரு வாரம் வீட்டிலேயே அளந்து எழுதுங்கள். காலையில் மருந்து போடும் முன்பும், மாலையிலும். முதுகு சாய்ந்து, கால்கள் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கை இதயத்தின் உயரத்தில் இருக்கும்படி வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியைப் போடுங்கள். அது 135/85-ஐத் தாண்டினால் பூண்டுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். எப்போதாவது 180/120-ஐத் தொட்டு, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், கை கால் மரத்துப்போதல் ஏதாவது இருந்தால் அது அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய நேரம்.

கொலஸ்ட்ராலுக்காக என்றால் தொடங்குவதற்கு முந்தைய ஓரிரு வாரத்துக்குள் எடுத்த லிப்பிட் அறிக்கை கையில் இருக்கட்டும். போன வருஷத்து அறிக்கையை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. சளிக்கு என்றால் நாட்காட்டியில் குறித்துக்கொள்வது தவிர வேறு வழி இல்லை.

4. வகையைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலானோர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முழுப் பூண்டுப் பல்லில் அல்லிசின் கிடையாது. அதில் அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் சேர்ந்து, சில நொடிகளில் அல்லிசின் உருவாகிறது. நமக்குத் தெரிந்த அந்தக் காரமான வாசனை அப்போதுதான் வருகிறது. நொதி சூட்டில் செத்துவிடும், வயிற்று அமிலத்திலும் செயல் இழந்துவிடும். உருவான அல்லிசினும் நிலையாக இருப்பதில்லை, வேறு கந்தகச் சேர்மங்களாக உடைந்துபோகிறது. கடையில் இருக்கும் எல்லா வகைகளும் இந்தச் சிக்கலை ஆளுக்கொரு விதமாகச் சமாளிக்கும் முயற்சிகள்தான்.

முதல் வகை, உலர்ந்த பூண்டுப் பொடி மாத்திரை. குறைந்த சூட்டில் உலர்த்தினால் அல்லீனும் நொதியும் உயிரோடு இருக்கும், உள்ளே போய்த் தண்ணீர் பட்டதும் அல்லிசின் உருவாகும். அதிகச் சூட்டில் உலர்த்தியிருந்தால் அது வெறும் மசாலாப் பொடி. ஆய்வுகளில் பெரும்பாலும் தினம் 600 முதல் 900 மில்லிகிராம் பொடியைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இதில் இரண்டு உருவம் உண்டு: சாதாரண மாத்திரை, மற்றும் வயிற்றில் கரையாமல் குடலில் கரையும் பூச்சு உள்ளது. லேபிளில் என்டெரிக் கோட்டட் என்று இருந்தால் இரண்டாவது.

இரண்டாவது, முதிரவிட்ட பூண்டுச் சாறு. ஏஜ்டு கார்லிக் எக்ஸ்ட்ராக்ட் என்று போட்டிருப்பார்கள். நறுக்கிய பூண்டை ஆல்கஹால் கலந்த நீரில் 20 மாதம் வரை ஊறவைத்து எடுப்பது. இதில் அல்லிசின் இருக்காது, எஸ்-அல்லைல் சிஸ்டீன் என்ற நிலையான பொருள் இருக்கும். வாசனை குறைவு, வயிற்றுக்கும் மென்மை. பிரஷர் ஆய்வுகள் பலவற்றில் பயன்பட்டது இதுதான். ஆஸ்திரேலியாவில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் தினம் 480 மில்லிகிராம், அதாவது 1.2 மில்லிகிராம் எஸ்-அல்லைல் சிஸ்டீன், 12 வாரம் எடுத்தவர்களுக்கு மேல் அளவு நன்றாகவே இறங்கியது.

மூன்றாவது, எண்ணெய் உருண்டைகள். பூண்டை ஆவியில் வடித்து எடுத்த எண்ணெயை சோயா போன்ற வேறு எண்ணெயில் கலந்து அடைப்பார்கள். இதிலும் அல்லிசின் இல்லை, அது உடைந்து வரும் சல்ஃபைடுகள் இருக்கும். உருண்டை பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே பூண்டெண்ணெய் இரண்டு மூன்று மில்லிகிராம்தான் இருக்கலாம்.

கறுப்புப் பூண்டு வேறு. முழுப் பூண்டைப் பல நாள் மிதமான சூட்டில் வைத்துக் கறுக்க விடுவது. பெயரைப் பார்த்து முதிரவிட்ட சாறும் இதுவும் ஒன்று என்று வாங்கிவிடாதீர்கள்.

என் தேர்வைக் கேட்டால்: பிரஷருக்கும், சீக்கிரம் புண்படும் வயிறு உள்ளவர்களுக்கும் முதிரவிட்ட சாறு. மற்றபடி, அல்லிசின் அளவு தெளிவாகப் போட்டிருக்கும் பொடி மாத்திரை. எண்ணெய் உருண்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரஷருக்கு நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அதைப் பயன்படுத்தவில்லை.

மாத்திரை எதற்கு, வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு ஜாடியில் வெளியே வைக்காதீர்கள். காற்றில்லாத அந்த எண்ணெயில் பாட்டுலிசம் என்னும் உயிருக்கு ஆபத்தான நோயை உண்டாக்கும் கிருமி வளரும், வாசனையிலோ ருசியிலோ அது தெரியாது. முழுப் பல்லை அப்படியே விழுங்காதீர்கள். நசுங்காத பல்லில் அல்லிசின் உருவாகாது, அது உணவுக்குழாயில் சிக்கவும் கூடும். நசுக்கிய பூண்டைத் தோலில் வைத்துக் கட்டாதீர்கள். தீக்காயம் போலவே புண் ஆகிவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் ஆகும்.

5. லேபிளைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

முன்பக்கத்து "1000 மில்லிகிராம்" பெரும்பாலும் பச்சைப் பூண்டுக்குச் சமமான அளவு. பூண்டில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் அந்த 1000 மில்லிகிராம் உலர்ந்தால் 400 மில்லிகிராம் அளவுதான் மிஞ்சும். எண்ணெய் உருண்டையில் 500-க்கு 1 என்று செறிவு போட்டிருந்தால், அதே 1000 என்பது வெறும் 2 மில்லிகிராம் எண்ணெய். ஆகவே பின்பக்கத்தில் "பூண்டுப் பொடி இத்தனை", "சாறு இத்தனை", "எண்ணெய் இத்தனை" என்று இருக்கும் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து அல்லிசின் வரி. "அல்லிசின் பொட்டென்ஷியல்" என்றால், தண்ணீரில் கலந்தால் அதிகபட்சம் இவ்வளவு உருவாகலாம் என்ற கணக்கு. அது உடம்புக்குள் உருவாகும் அளவு ஆகாது. "அல்லிசின் ரிலீஸ்" என்று, குடல் சூழலில் சோதித்த அளவைப் போட்டிருந்தால் அதை நம்பலாம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பூச்சு உள்ள மாத்திரைகளை வயிறு, குடல் சூழலில் கரைத்துப் பார்த்தபோது பெரும்பாலான பிராண்டுகள் சொன்னதில் சிறு பகுதியைத்தான் வெளியிட்டன. பூச்சு இருக்கிறது என்பதே தரத்துக்கு அத்தாட்சி ஆகிவிடாது.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மூலிகைக் கையேட்டின்படி ஒரு நாளைக்கு: பச்சைப் பூண்டு 2 முதல் 5 கிராம், பொடி 0.4 முதல் 1.2 கிராம், எண்ணெய் 2 முதல் 5 மில்லிகிராம், சாறு 300 முதல் 1000 மில்லிகிராம். வேறு எந்த வடிவமானாலும் அல்லிசின் கணக்கில் 2 முதல் 5 மில்லிகிராமுக்கு ஒத்துவர வேண்டும். இந்த எல்லையை விட்டு வெகுதூரம் போகும் டப்பாவை வைத்துவிட்டு வாருங்கள்.

"ஒரு வேளை அளவு" என்ற வரியையும் விடாதீர்கள். போட்டிருக்கும் மில்லிகிராம் இரண்டு அல்லது மூன்று மாத்திரை சேர்ந்ததாக இருக்கலாம். தொகுதி எண், காலாவதித் தேதி இரண்டும் அச்சில் இருக்க வேண்டும். யுஎஸ்பி, என்எஸ்எஃப் போன்ற வெளி அமைப்பின் முத்திரை இருந்தால் லேபிளில் சொன்னது உள்ளே இருக்கிறது, மாசு இல்லை என்று பொருள். நோய் தீரும் என்ற உத்தரவாதம் அல்ல. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கேப்சூலின் கூட்டில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாருங்கள், அது விலங்குப் பொருள். சோயா ஒத்துக்கொள்ளாதவர்கள் எண்ணெய் உருண்டையின் துணைப்பொருள் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

பூச்சு இல்லாத பொடி மாத்திரையை வாங்கிவிட்டால் வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஒன்றை நசுக்கி, சூடில்லாத கொஞ்சம் தண்ணீரில் கலக்குங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் பூண்டு வாசனை தூக்கலாக எழுந்தால் நொதி உயிரோடு இருக்கிறது. எதுவுமே வரவில்லை என்றால் சந்தேகப்படலாம். முதிரவிட்ட சாற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

6. 84 நாளுக்குச் செலவு போடுங்கள்

டப்பா விலையைப் பார்க்காதீர்கள். பலன் தெரிய 12 வாரம், அதாவது 84 நாள் ஆகும். தினம் மூன்று மாத்திரை என்றால் 252 மாத்திரை, 60 அடங்கிய டப்பாவில் ஐந்து வேண்டும். தினம் ஒன்று போதும் என்றால் 100 அடங்கிய ஒரே டப்பா முழுக் காலத்துக்கும் வரும். மலிவாகத் தெரிந்தது இந்தக் கணக்கில் அடிக்கடி விலை கூடிவிடும். இதோடு ரத்தப் பரிசோதனை இரண்டு முறை, வீட்டில் பிரஷர் கருவி இல்லையென்றால் அதன் விலை, மருத்துவரைப் பார்க்கும் கட்டணம் எல்லாவற்றையும் சேருங்கள்.

முதலில் ஒரே ஒரு சின்ன டப்பா மட்டும் வாங்குங்கள். வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று தெரியாமல், தள்ளுபடி கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்குவது வேண்டாம். அப்புறம், ஏற்கெனவே சமையலில் தினமும் நசுக்கிய பூண்டு சேர்ப்பவர், எதையும் அளக்க விருப்பமில்லாதவர், குறிப்பிட்ட காரணம் இல்லாதவர் என்றால் இந்தச் செலவே தேவையில்லை என்பது என் கருத்து. சமைக்கும்போது பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அடுப்பில் சேர்த்தாலே ஓரளவு பலன் தங்கும்.

7. எப்போது விழுங்குவது

முதல் வாரம் பாதி அளவில் தொடங்குங்கள். ஒத்துக்கொண்டால் முழு அளவுக்குப் போகலாம். மற்ற புது சப்ளிமென்ட் எதையும் அதே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள், எது என்ன செய்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

சாதாரண பொடி மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுங்கள். வயிற்று எரிச்சல் குறையும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண மாத்திரைகளிலிருந்து அல்லிசின் கிடைத்த அளவு, கூடச் சாப்பிட்ட உணவால் பெரிதாக மாறவில்லை. பூச்சு உள்ள மாத்திரைகளில்தான் விவகாரம். புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு எடுத்தபோது அவற்றின் பலன் வெகுவாகக் குறைந்தது. உணவு வயிற்றில் அதிக நேரம் தங்கும், மாத்திரையும் அதுவரை அங்கேயே கிடக்கும். ஆகவே பூச்சு உள்ளதை லேசான உணவோடு எடுப்பது நல்லது. அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது, பூச்சு போட்டதே வீணாகிவிடும். முதிரவிட்ட சாற்றை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒரே நேரமாக இருந்தால் மறக்காது.

ஒரு வேளை தவறினால் விட்டுவிடுங்கள், மறுவேளை இரட்டிப்பாக்க வேண்டாம். டப்பாவை ஈரம் படாத, வெயில் விழாத இடத்தில் வையுங்கள். குளியலறை அலமாரி சரிப்படாது, ஈரம் புகுந்தால் டப்பாவுக்குள்ளேயே பொடி வேலையைத் தொடங்கிவிடும்.

8. முதல் இரண்டு வாரத்தில் எதிர்பார்க்க வேண்டியவை

வாய் நாற்றம், ஏப்பம், நெஞ்செரிச்சல், வாயு, சிலருக்கு வயிற்றுப்போக்கு. பல் துலக்கினாலும் நாற்றம் போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அல்லைல் மெத்தைல் சல்ஃபைடு என்ற பொருள் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது, வாயைச் சுத்தம் செய்வதால் மட்டும் அது தீராது. ஆப்பிள், புதினா இலை, பால் இவை அதைக் குறைப்பதாகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பூண்டோடு சேர்த்தோ உடனேயோ சாப்பிட்டால்தான் பலன்.

நெஞ்செரிச்சல் இரண்டு வாரத்தில் அடங்கவில்லை என்றால் அளவைக் குறையுங்கள், அல்லது முதிரவிட்ட சாற்றுக்கு மாறுங்கள். பூண்டு சாப்பிட்டாலே வயிறு உப்பும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்: காரணமில்லாமல் உடம்பில் நீலத் தழும்பு, நிற்காத மூக்கு ரத்தம் அல்லது ஈறு ரத்தம், கறுத்த மலம், தோல் தடிப்பு, முகம் வீங்குதல், மூச்சுத் திணறல். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் பிரஷரை அளந்து பாருங்கள், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து அதிகமாக இறங்கியிருக்கலாம். அப்போது நீங்களாக எந்த மாத்திரையையும் வெட்டாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

9. 12-ஆவது வாரத்தில் முடிவெடுங்கள்

நாலாவது வாரத்தில் ஒரு முறையும் 12-ஆவது வாரத்தில் ஒரு முறையும், முன்பு சொன்ன அதே முறையில், அதே கருவியில், ஒரு வாரம் பிரஷர் அளந்து சராசரி போடுங்கள். மேல் அளவில் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம் என்பது சும்மாவே வந்து போகக்கூடியது. ஐந்துக்கு மேல் இறங்கி, அந்த வாரம் முழுக்க நின்றால் கவனிக்கத் தகுந்தது. அதே காலத்தில் உப்பைக் குறைத்தீர்களா, நடக்க ஆரம்பித்தீர்களா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பலன் அதனாலும் வந்திருக்கலாம், அப்படியானால் அதைத் தொடர்வதுதான் மலிவு. கொலஸ்ட்ரால் என்றால் அதே ஆய்வகத்தில், அதே நிலையில், அதாவது முன்பு வெறும் வயிற்றில் கொடுத்திருந்தால் இப்போதும் வெறும் வயிற்றில், ரத்தம் கொடுங்கள்.

மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அளவைக் கூட்டிப் பார்ப்போம், வேறு பிராண்டு பார்ப்போம் என்று போனால் செலவுக்கு முடிவே இருக்காது. மாற்றம் இருந்தால் அந்த எண்களை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

10. அறுவை சிகிச்சை வந்தால்

திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாகவே பூண்டு மாத்திரையை நிறுத்த வேண்டும். இரண்டு வாரம் கேட்கும் மருத்துவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதையே கேளுங்கள். பூண்டில் உண்டாகும் அஜோயீன் என்ற பொருள் தட்டணுக்களைத் திரும்பச் செயல்பட விடாமல் செய்யக்கூடியது, புதிய தட்டணுக்கள் உருவாகி வர அத்தனை நாள் ஆகும். பல் பிடுங்குவது, முதுகுத்தண்டில் ஊசி போடுவது, குடலில் குழாய் விட்டுச் சதை எடுப்பது இவற்றுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருத்துவமனைப் படிவத்தில் "வேறு மருந்துகள்" என்ற கட்டத்தில் பூண்டு மாத்திரையைப் பலர் எழுதுவதில்லை, யாரும் தனியாகக் கேட்பதும் இல்லை. நீங்களாகவே அளவோடு எழுதி, மயக்க மருந்து கொடுப்பவரிடம் வாயாலும் ஒரு முறை சொல்லுங்கள். திடீரென்று அவசர சிகிச்சைக்குப் போக நேர்ந்தால் உங்களால் பேச முடியாமல் போகலாம், அதனால் மருந்துப் பட்டியலின் ஒரு படி பர்ஸிலும், இன்னொன்று கூட இருப்பவர் கையிலும் இருக்கட்டும்.